தவளை வண்டியும் தாய்மாமன் கையும்

என் தம்பியை எங்கள் ஊரில் ஜீவானந்தம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. தவளைக்காரர் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, கம்பெனி பஸ்கள் திரும்புகிற ரோட்டை விட்டு உள்ளே வந்தால், வடக்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக மாடிமேல் மாடியாகக் கட்டிய வீடுகள். அந்த வீடுகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்தான் தவளை நிற்கிறது.

தவளை என்பது கார். வெளிநாட்டில் செய்த பழைய சிவப்புக் கார், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இரண்டே பேர் உட்காரலாம், அதுவும் காலை நீட்டிக்கொண்டு. விளக்கு சுவிட்சைப் போட்டால் மூடியிருக்கும் முன்கண் இரண்டும் மேலே எழும்பும். வலது கண் சட்டென்று எழும்பும். இடது கண் கொஞ்சம் யோசித்துவிட்டு எழும்பும். முதல்முதலாக அதைப் பார்த்தபோது எங்கள் சித்தப்பா மகள் ரஞ்சிதம் பயந்து குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவள்தான் தவளை என்று பெயர் வைத்தாள். ரஞ்சிதம் போய்ச் சேர்ந்துவிட்டாள், பெயர் நின்றுவிட்டது.

எங்கள் அம்மாவுக்கு நான் மூத்தவள், ஜீவானந்தம் கடைசி. நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் சொந்த அத்தை மகனையே கட்டிக்கொண்டு அதே தெருவில் இருந்துவிட்டதால் அவன் வாழ்க்கையில் நடந்தது எல்லாம் என் கண்முன்னால் நடந்ததுதான். படிப்பு அவனுக்கு ஏறவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயம் விடுகிற ரோடு போட்டபோது புல் வெட்டுகிற வேலைக்குப் போனான். அப்புறம் ஓடுபாதையில் எண்ணெய் கொட்டினால் மணல் தூவுகிற வேலை. அப்புறம் ராமன் சார் என்ற ஒரு முதலாளியின் கொட்டகையில் சேர்ந்து, வண்டிக்குச் சக்கரம் மாற்றுவதும் கழுவுவதும் தள்ளுவதுமாக இருந்தான்.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் எங்கள் வீட்டில் சனிக்கிழமையே அடுப்பு எரியும். புளிசாதம் கட்டிக்கொண்டு, டெம்போவில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் போவோம். எந்த வண்டி ஜெயித்தது, யார் ஓட்டினார்கள் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இவன் காக்கிச் சட்டையோடு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அதைப் பார்த்து நாங்கள் கை தட்டுவோம். பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் பட்டணத்துக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். வெயிலும், எரிந்த டயர் வாசனையும், புளிசாதத்தில் கடிபடுகிற வேர்க்கடலையும் இன்றைக்கும் என் நாக்கிலும் மூக்கிலும் இருக்கின்றன.

இவனுக்குக் கல்யாணம் ஆனபோது பெண் சுந்தராம்பாளோடு அவள் தம்பி கலைமணியும் வந்தான். சீர் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். கலைமணி திரும்பவில்லை. அக்காவைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்றவன் வருஷக்கணக்கில் இருந்துவிட்டான். அவனுக்கு ஒயர் வேலை தெரியும். ஜீவானந்தம் அவனையும் ராமன் சாரின் கொட்டகைக்கே கூட்டிப்போனான். காலையில் ஒரே சைக்கிளில் சத்திரம் போய் ஒரே பஸ் ஏறுவார்கள், ஒரே டிபன் கேரியர். மாமன் மச்சான் என்று சொன்னால்தான் தெரியும், பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். தெருமுனையில் சைக்கிள் மணி கேட்கும்போதே இரண்டு பேர் சிரிப்பும் கேட்கும். சுந்தராம்பாள் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள்.

ராமன் சாருக்கு வயதானது. மகனோடு இருக்க வெளிநாடு போகும்போது, கொட்டகை மூலையில் ஓடாமல் கிடந்த சிவப்புக் காரைக் காட்டி, நீயே வைத்துக்கொள் ஜீவா என்று ஆர்.சி. புத்தகத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு ராமன் சார் என்ன செய்தாரோ, என் தம்பியும் அவன் மச்சானும் அதை வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தார்கள் என்று சொல்ல வேண்டும். லீவு நாளெல்லாம் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய சாமான் தேடுவார்கள். இடது கண்ணைத் தூக்குகிற மோட்டார் வேறு ஏதோ வண்டியுடையது, அதனால்தான் அது யோசிக்கிறது. எலி கடித்துப் போட்டிருந்த ஒயர் முழுவதையும் கலைமணி புதிதாக இழுத்தான். கிடைத்தது எல்லாம் ஒரே கறுப்பு ஒயர். எது எதற்குப் போகிறது என்று தெரிய வேண்டுமே. அக்காவின் பழைய புடவைகளைக் கிழித்து ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துணி முடிந்தான். விளக்குக்குப் போவது மாம்பழக் கலர், ஹாரனுக்குப் போவது மயில் கழுத்துக் கலர், செல்புக்குப் போவது அவள் கல்யாணப் புடவையின் அரக்கு. செல்பு என்றால் சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற மோட்டார். வண்டி வாயைத் திறந்தால் உள்ளே சுந்தராம்பாளின் பெட்டி திறந்த மாதிரி இருக்கும்.

தவளை ஓடியது. மாசத்துக்கு ஒரு தரம் தெருவைச் சுற்றி வரும். அது போதும் அவர்களுக்கு.

கலைமணியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அவன் கெட்டிக்காரன், ஆனால் தனியாகத் தொட்ட தொழில் எதுவும் நிற்கவில்லை. அனகாபுத்தூர் பக்கம் பேட்டரிக் கடை வைத்தான். இரண்டாயிரத்துப் பதினைந்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தபோது கடை முழுகிப்போனது. மாடு வாங்கினான், செத்தது. கடைசியில் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலைக்குப் போய், அங்கேயே வீடு பிடித்து, ஷிப்டு பார்க்கிறான். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில், கலைமணி கைராசி எப்படி என்று கேலி பேசுவார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். ஆனால் சிரிக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். அதை நான் கவனித்திருக்கிறேன்.

ஜீவானந்தத்தின் ஒரே மகள் கவியா. கலைமணியின் தோள்மேலேயே வளர்ந்தவள். அவளுக்கு வாலாஜாபாத்தில் திருமலை என்ற பையனைப் பேசி முடித்தோம். கார்த்திகையில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டு வேன் சுங்குவார்சத்திரம் கூட்டுரோடு வரை வரட்டும், அங்கிருந்து மாப்பிள்ளையைத் தவளையில் உட்காரவைத்து ஊருக்குள் கூட்டி வருகிறேன் என்று என் தம்பி பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். ஆயுதபூஜைக்கே அதைப் பெண் மாதிரி ஜோடித்து வைத்திருந்தான். வெளியே பாலிஷ், உள்ளே இன்ஜின் இருக்கிற இடமெல்லாம் புதுக் கறுப்புப் பெயிண்ட், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூஜையன்று நன்றாகத்தான் ஓடியது. நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னால் கலைமணி வந்து, செல்பு சோம்பலாகச் சுற்றுகிறது என்று, சாவியிலிருந்து செல்புக்குப் போகிற ஒயரில் ஒரு புது ரிலே வைத்தான். ரிலே என்றால் ஒரு சின்னப் பெட்டி. சாவி சொல்வதைக் கேட்டுக்கொண்டு செல்புக்குக் கரண்டைத் திறந்துவிடும்.

நிச்சயத்தன்று காலையில் இரண்டு மூன்று தரம் சாவியைத் திருப்பிக் கிளப்பி, தவளையைக் கூட்டுரோட்டில் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. மேளம் அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு குனிந்து உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது. தவளையின் கண் இரண்டும் எழும்பி நின்றன. என் தம்பி சாவியைத் திருப்பினான். டக். மறுபடி திருப்பினான். டக். அவ்வளவுதான்.

டீக்கடையில் நின்ற ஷிப்டு பையன்கள் செல்போனை எடுத்தார்கள். டீ மாஸ்டர் பாய்லர் பக்கத்திலிருந்து, “தவளைக்கி தண்ணி ஊத்துங்கப்பா, எகிறும்” என்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், பொண்ணு கொடுக்குறதுக்கு முன்னாலேயே எங்க பையனை வண்டி தள்ள விடுகிறீர்களா என்று சிரித்தார். திருமலை நல்ல பையன், நிஜமாகவே இறங்கித் தள்ளினான். வண்டி கிளம்பவில்லை. கலைமணி ஓடிவந்து மூடியைத் திறந்து உள்ளே குனிந்தான். அப்போதுதான் என் தம்பி அந்த வார்த்தையைச் சொன்னான். அத்தனை பேர் முன்னால், மேளம் நின்றிருந்த நேரத்தில்.

“கைய எட்றா. உன் கை பட்டது எதுடா வெளங்கிக்கீது?”

கலைமணி நிமிர்ந்தான். கையில் இருந்த கறுப்பைப் புதுச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். ரோட்டைத் தாண்டி ஒரகடம் பஸ்ஸில் ஏறிவிட்டான். தவளையை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று கூட எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் பக்கம், தாலி ஏறுவதற்கு முன்னால் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மெல்லிய பொன் தகடு, நூலில் கோத்தது. அதைக் கட்டுகிற கை தாய்மாமன் கையாக இருக்க வேண்டும், சொந்தத் தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு ஒருவர் கட்டினால் ஊர் ஏதாவது பேசும். தை பிறந்து பத்திரிகை அடித்ததும் சுந்தராம்பாள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் அக்காவை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டான். தட்டை மட்டும் தொடவில்லை. என் கை பட்டது விளங்காது என்று மாமா ஊர் முன்னால் சொல்லிவிட்டார், அந்தக் கையை எதற்கு அக்கா குழந்தை நெற்றியில் வைக்க வேண்டும் என்று கேட்டானாம். இவள் அழுதுகொண்டே வந்தாள்.

அது போதாதென்று, மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து போன். சம்பந்தி தப்பாக நினைக்க வேண்டாம், கைராசி பார்க்கிற வீடு எங்கள் வீடு, பட்டத்தைப் பெரியவர்கள் வேறு யாராவது கட்டினால் நல்லது என்றார்கள். என் தம்பி வாயிலிருந்து விழுந்த வார்த்தை வாலாஜாபாத் போய், அங்கிருந்து திரும்பி வந்திருக்கிறது. கவியா அந்தப் போனைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்க மாமாவைத் தவிர யாரும் என் நெற்றியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவிடம் பேசுவதையே நிறுத்தினாள்.

என் தம்பி அசையவில்லை. நான் சொன்னது தப்பா, ரிலே வைத்தது அவன், அதுக்கப்புறம்தானே நின்றது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சுந்தராம்பாள் ஒரு நாள் காலையில் சமையல் கட்டிலிருந்து கொட்டகைக்கு நேரே போனாள். தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டாள்.

“காட்டு. எந்தம்பி கை தப்புன்னு காட்டு. காட்டிட்டேன்னா வேற ஆள நானே இட்டாறேன்.”

அவன் ஸ்பானர் டப்பாவை எடுத்து வந்தான். அவள் கதவைத் திறந்து, சாவி போடுகிற சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் கொட்டகை வாசலில் கல்யாண மிளகாயைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். திருப்பு என்பான், திருப்புவாள். விடு என்பான், விடுவாள்.

முதலில் பேட்டரி. பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவிலிருந்து நல்ல பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டினான். ஹாரன் தெரு அதிரக் கத்தியது. சாவியைத் திருப்பினாள். டக். உள்ளே இருக்கிற விளக்கு மங்குகிறதா என்று கேட்டான். கண்ணைக் குத்துற மாதிரி எரியுது என்றாள். அவன் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்துச் சொன்னான், செல்பு பெரிய வயிற்றுக்காரன் அக்கா, அவன் சாப்பிட உட்கார்ந்தால் விளக்கு மங்கித்தான் ஆக வேண்டும், மங்கவில்லை என்றால் அவனுக்குச் சோறு போய்ச் சேரவில்லை, நடுவில் ரிலேதான் நிறுத்துகிறது என்றான். ஜெயித்த மாதிரி சொன்னான். சுந்தராம்பாள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சொன்னதை நிரூபிக்க வேண்டுமே. அரக்குத் துணி முடிந்த ஒயரைத் தேடிப் பிடித்தான். கலைமணி வைத்த ரிலேயைச் சுத்தமாக விலக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராகவே ஒரு ஒயரைக் கொண்டுபோய்ச் செல்பு வாயில் தொட்டான். ரிலே தப்பு என்றால் இப்போது இன்ஜின் சுற்ற வேண்டும்.

டக்.

மறுபடி தொட்டான். அதே டக். ரிலே இல்லாமலேயே அதே சத்தம் என்றால் ரிலேயைக் குற்றம் சொல்ல முடியாது. அதை அவன் வாயால் சொல்லவில்லை. அப்போ செல்புதான் போயிருக்கிறது என்று முணுமுணுத்தான். அந்தச் செல்பு அவனே புதுப்பேட்டையில் வாங்கி வந்தது.

சாப்பிடக் கூடக் கூப்பிடவில்லை யாரும். அவன் வண்டிக்கு அடியில் போய்ச் செல்பைக் கழற்றி வெளியே கொண்டுவந்தான். பேட்டரியைப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு ஒயர், அதன் இரும்பு உடம்பில் ஒரு ஒயர் கொடுத்தான். செல்பு துள்ளிக்கொண்டு சுற்றியது. பிடியிலிருந்து நழுவி என் மிளகாய்ப் பக்கம் வரப் பார்த்தது. வெளியே இருந்தால் சுற்றுகிறது, வண்டிக்குள் போனால் சுற்ற மாட்டேன் என்கிறது. பிறந்த வீட்டில் சிரித்துப் பேசுகிற பெண் புகுந்த வீட்டில் வாய் திறக்காத கதையாக இருக்கிறதே என்றேன். சுந்தராம்பாளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

மறுபடி மாட்டினான். ரிலேயையும் பழையபடி சேர்த்தான். சாவியை விடாமல் பிடித்துத் திருப்பு, நான் விடு என்கிறவரைக்கும் விடாதே என்றான். அவள் பிடித்தாள். டக், டக், டக் என்று வயசானவர் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். அவன் காதைச் செல்பு பக்கம் வைத்திருந்தான்.

“யோவ், இன்னாமோ கருகுது” என்றாள் அவள். “கால்ல இந்தப் பெடலு அமுங்கவும் மாட்டேங்குது.”

அவன் எழுந்தான். எனக்கும் அந்த வாசனை வந்தது, பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. அக்சிலேட்டர் பெடலிலிருந்து இன்ஜினுக்கு ஒரு கம்பிக் கேபிள் போகும், சைக்கிள் பிரேக்குக்குப் போகிற மாதிரி. அதற்கும் கரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தக் கேபிள்மேல் கையை வைத்தவன் நெருப்பைத் தொட்டவன் மாதிரி உதறினான். கேபிளின் உறை உருகி வழிந்திருந்தது.

சாவியை எடுத்துவிடு என்றான். குனிந்து, இன்ஜினும் வண்டியின் உடம்பும் சேருகிற இடத்தில் விரலால் தடவினான். தடவினவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு அவன் பிறகு விளக்கிச் சொன்னது இதுதான். கரண்டு போனால் மட்டும் போதாது, திரும்பி வர வழி வேண்டும். இன்ஜினிலிருந்து வண்டி உடம்புக்கு ஒரு பட்டை ஒயர் போட்டு போல்ட்டு முடுக்கியிருப்பார்கள், அதைத்தான் எர்த்து என்பார்கள். செல்பு தின்கிற அவ்வளவு கரண்டும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்த வழி அடைத்திருந்ததால், பாவம், சந்துபொந்து தேடி அந்த ஒல்லிக் கேபிள் வழியாகப் போகப் பார்த்து அதைச் சுட்டுவிட்டது. அடைத்தது என்ன என்றால் பெயிண்ட். ஆயுதபூஜைக்குச் சுத்தமாக அடிக்க வேண்டும் என்று அந்தப் பட்டையைக் கழற்றி, அடியில் இருந்த வெறும் இரும்பு மேலேயும் இரண்டு கை பெயிண்ட் பூசி, பளபளவென்று ஆனதும் பட்டையை அதன்மேல் வைத்து முடுக்கியிருக்கிறான். பெயிண்ட் மேல் கரண்டு ஏறாது. போல்ட்டு மரையில் பட்டும் படாமலும் பூஜையன்று ஓடிவிட்டது. ஐப்பசி மழை ஈரத்தில் மரையிலும் துரு ஏற ஏறத் தகராறு செய்து, கூட்டுரோட்டில் ஒரேயடியாக நின்றுவிட்டது. பந்தயக் கொட்டகையில் இருந்தவன்தான். ஆனால் ஆயுதபூஜை என்று வந்துவிட்டால் நம்மவர்களுக்கு இரும்பில் ஒரு இடம் கூட வெறுமையாக இருக்கக் கூடாது.

அன்றைக்கு அவன் தரையில் உட்கார்ந்தே இருந்தான். சுந்தராம்பாள் வண்டியை விட்டு இறங்கி வந்தாள்.

“இன்னா?”

“எர்த்து.”

“யாரு கை?”

அவன் தன் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டான். “என் கை” என்றான்.

அவள் உள்ளே போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் அதை அப்படியே மூடி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று கேட்டதற்கு ஒரகடம் என்றான்.

அங்கே நடந்ததைக் கலைமணி எனக்குச் சொன்னான். ஷிப்டு முடிந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்தால், பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் மாமா நிற்கிறாராம். கையெல்லாம் கிரீஸ், தலை கலைந்து, நாலு நாள் சோறு தின்னாதவர் மாதிரி. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றி நின்றார்களாம். வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று இவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனானாம்.

“இன்னா மாமா?”

“எர்த்துல பெயிண்டு அடிச்சி வெச்சிக்கீறேன்டா. நான்தான்.”

கலைமணி சொன்னான். “எர்த்து பாருன்னு சொல்றதுக்குத்தான் அன்னிக்கி குனிஞ்சேன். நீ கைய எட்றான்ட்ட.”

பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், இவர்கள் இருவரும் ஏறவில்லை. வண்டிக்காக வந்தாயா, பட்டத்துக்காக வந்தாயா என்று கலைமணி கேட்டான். உனக்காகத்தான் வந்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய், பெண்ணுக்காக வந்தேன் என்று இவன் சொன்னான். அதைக் கேட்டதும்தான் தனக்கு மாமாவோடு பேச முடிந்தது என்று கலைமணி சொன்னான். வேறு ஏதாவது இனிப்பாகச் சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பானாம்.

“வரேன்” என்றானாம். “ஆனா ஒண்ணு. நீ சொன்னத சத்திரமே கேட்டுச்சி. இங்க ஒரு பஸ்டாப்புல வந்து எனுக்கு மட்டும் சொல்லிட்டுப் போறது எப்டி செல்லும்? மாப்ள வூட்டு சனம் அத்தினி பேரும் கேக்கணும். கேட்டப்புறம்தான் பட்டத்தத் தொடுவேன்.”

தவளையைச் சரிசெய்யவும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அது உன் வேலை, நீயே சுரண்டிக்கொள் என்றான்.

மறுநாள் காலையில் என் தம்பி உப்புத்தாளை வைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சுரண்டினான். வெறும் இரும்பு வெள்ளையாகத் தெரிகிறவரை சுரண்டினான். பட்டையை வைத்து முடுக்கி, புதுக் கேபிளும் மாட்டி, தானே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். தவளை முதல் தடவையிலேயே உறுமியது. தெருவே வந்து நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு மணல் வாளியும், சைக்கிள் மணியும், இரண்டு பேர் சிரிப்பும் ஒன்றாக ஞாபகம் வந்து கண் நிறைந்துவிட்டது. அவனோ சாவியை எடுத்துவிட்டு, இறங்கி, தார்ப்பாயை இழுத்து மூடினான். ஓட்டிப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறதே அக்கா என்றான்.

அவன் நாலு பேர் முன்னால் நின்று பேசுகிறவன் இல்லை. கோபத்தில் கத்துவான், அது வேறு. பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் கூட சுந்தராம்பாள்தான் பேசுவாள், இவன் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கல்யாணம் நெருங்க நெருங்க அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. வேண்டாம் தம்பி, மாப்பிள்ளை அம்மாவிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று நானே சொன்னேன். கலைமணி ஒத்துக்கொள்ள மாட்டான் என்றான். ஒருவேளை அங்கே போய் எனக்கு வாய் வரவில்லை என்றால் அவன் பட்டத்தைத் தொடாமல் இறங்கிப் போய்விடுவான், அப்புறம் கவியா மணையில் உட்கார மாட்டாள் என்றான். அதுவும் உண்மைதான். அப்பா பிடிவாதம் அப்படியே அவளுக்கு.

வாலாஜாபாத்தில் மண்டபம். மாப்பிள்ளைக்கு வாடகைக் கார்தான் ஏற்பாடு, தவளை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. காலையில் முகூர்த்தம். மாப்பிள்ளையின் தாய்மாமன் மாப்பிள்ளைக்குப் பட்டம் கட்டி முடித்துவிட்டார். ஐயர் அடுத்த பட்டத்தை எடுத்துத் தட்டில் வைத்து, பொண்ணுக்குத் தாய்மாமன் யாரப்பா என்றார். கலைமணி மேடைமேல் வந்து கவியாவுக்குப் பின்னால் நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தட்டை எடுக்கவில்லை. முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்த பெண் காதில் ஏதோ சொன்னார்கள். கவியா குனிந்த தலை குனிந்தபடியே இருந்தாள், மாலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

என் தம்பி கீழே தூண் ஓரமாக நின்றான். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஐயர் நேரம் ஆகிறது என்றார். சுந்தராம்பாள் அவனைப் பார்க்கவே இல்லை, தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவன் மெதுவாக மேடைமேல் ஏறினான். மேளக்காரரைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான்.

“சம்பந்தி வூட்டுக்காரங்க எல்லாம் கேக்கணும்” என்றான். “அன்னிக்கி சத்திரத்துல வண்டி நின்னப்ப இவன் கைய நான் தப்பா பேசிட்டேன். வண்டியக் கெடுத்தது என் கை. பெயிண்டு அடிச்சது நான். இவன் இஸ்த ஒயரு அப்பிடியே கீது, ஒண்ணும் ஆவல. இவன் தோள்லதான் என் பொண்ணு வளர்ந்துச்சி. இவன் கை பட்டுத்தான் வளர்ந்துச்சி.”

கூட்டுரோட்டில் கேலி பேசிய அதே சித்தப்பா பின்வரிசையிலிருந்து, கரண்டு விஷயமெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் பேசலாமே, பந்தி ஆறுகிறது என்றார். ஜனம் சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. கலைமணியைப் பார்த்தார்கள். பிறகு ஐயரிடம், அவரே கட்டட்டும், தட்டைக் கொடுங்கள் என்றார்கள்.

“நீ அப்பால போ மாமா, வெளிச்சத்த மறைக்கிற” என்றான் கலைமணி.

அவன் பட்டத்தை எடுத்தான். கவியாவின் நெற்றியில் வைத்து, நூல் இரண்டையும் பின்னால் கொண்டுபோய்க் கொண்டைக்கு அடியில் முடிந்தான். ஒயரை இறுக்கி முடிந்து பழகிய கை, அவளுக்கு வலிக்குமோ என்று அன்றைக்கு லேசாகத்தான் முடிந்தது. முடிச்சு நழுவிப் பட்டம் புருவத்தில் இறங்கியது. கவியா தலையை நிமிர்த்தாமல் மெதுவாகச் சொன்னாள், பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

“இறுக்கிக் கட்டு மாமா. எனுக்கு வலிக்காது.”

அவன் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினான்.